மேலேயும் ரயில், கீழேயும் ரயில்: ஹவுரா ஸ்டேஷனுக்கு அடியில் நடந்த வேலை

2024ஆம் ஆண்டு துர்கா பூஜை விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து என் பேரன் வந்திருந்தான். விக்டோரியா மெமோரியல், மியூசியம், காளிகாட் எல்லாம் முன்பே பார்த்தாயிற்று. "ஆத்துக்கு அடியிலே ஓடற ரயில் ஒண்ணு இருக்கு, வரியாடா?" என்றேன். உடனே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

எஸ்பிளனேடில் மெட்ரோ ஏறினோம். மகாகரண் நிலையம் தாண்டியதும் சுரங்கச் சுவரில் நீல விளக்குகள் தெரிந்தன. தலைக்கு மேலே ஹூக்ளி ஆறு ஓடுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். முக்கால் நிமிடத்தில் ஆறு முடிந்துவிட்டது. ஹவுராவில் இறங்கி, ஒன்று மாற்றி ஒன்றாக எஸ்கலேட்டர் ஏறி ஒருவழியாக மேலே வந்தால், வழக்கமான ஹவுரா ஸ்டேஷன்! லோக்கல் ரயில் கூட்டம், தலையில் பெட்டி சுமந்த போர்ட்டர்கள், ஒலிபெருக்கி அறிவிப்பு. பையன் அப்படியே நின்றுவிட்டான்.

"தாத்தா, மெட்ரோ கட்டறதுக்காக இந்த ஸ்டேஷனை எத்தனை நாள் மூடி வச்சிருந்தாங்க?"

"ஸ்டேஷனை மூடவே இல்லைடா."

"அப்போ மேலே இத்தனை ரயில் ஓடறப்போ கீழே எப்படித் தோண்டினாங்க? மேலே இருக்கறது உள்ளே விழாதா?"

நல்ல கேள்வி. ரயில்வேயில் தண்டவாளப் பிரிவில் முப்பத்தேழு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தண்டவாளம் விரல் கனம் இறங்கியது என்று கேங்மேட் வந்து சொன்னால் அன்றிரவு தூக்கம் போய்விடும். ஆகவே, அந்தச் சுரங்கம் ஹவுராவைத் தாண்டிய நாட்களில், எனக்கும் அந்த வேலைக்கும் ஒரு தொடர்பும் இல்லாதபோதும், மனசுக்குள்ளே ஒரு பதைப்பு இருந்துகொண்டேதான் இருந்தது. பேரனுக்கு அன்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன். நம் குழந்தைகள் தினமும் போய்வரும் ஊரில் காலுக்குக் கீழே என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

பழைய கனவு

ஹவுராவிலிருந்து முதல் ரயில் 1854 ஆகஸ்ட் 15 அன்று ஹூக்ளி வரை ஓடியது. இப்போது நாம் பார்க்கும் சிவப்புக் கட்டடம் ஹால்ஸி ரிக்கார்டோ என்ற ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர் வரைந்தது, 1905இல் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து மெயிலில் வந்து இறங்கிய நம்மவர்கள் எல்லோருக்கும் கல்கத்தாவின் வாசற்படி அதுதான். 1974இல் கார்டன் ரீச் ஆபீசில் வேலை ஆர்டர் வாங்க ஒரு டிரங்குப் பெட்டியோடு நானும் அங்கேதான் இறங்கினேன்.

அந்த ஸ்டேஷனுக்கு ஒரு குறை எப்போதும் உண்டு. அது ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது. ஊர் கிழக்குக் கரையில் இருக்கிறது. வந்து இறங்கும் லட்சக்கணக்கான ஜனங்களும் ஒரு பாலத்தையோ படகையோ நம்பித்தான் ஊருக்குள் போக வேண்டியிருந்தது. டார்ஜிலிங் மெயில் பிடிக்க வேண்டுமென்றால் சியால்தாவுக்குப் போக வேண்டும். பெட்டி படுக்கையோடு, குழந்தைகளை இழுத்துக்கொண்டு, பெரிய பஜார் நெரிசலில் டாக்சியில் மாட்டிக்கொண்ட அனுபவம் இல்லாத தமிழ்க் குடும்பம் இந்த ஊரில் இருக்குமா என்பது சந்தேகமே.

ஆற்றுக்கு அடியில் ரயில் விடலாம் என்ற யோசனை புதியதல்ல. லண்டன் சுரங்க ரயில்களில் பேர்பெற்ற பொறியாளர் ஹார்லி டால்ரிம்பிள்-ஹே 1921இலேயே கல்கத்தாவையும் ஹவுராவையும் இணைக்கும் ஒரு சுரங்கப் பாதைக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தார். பணம் கிடைக்கவில்லை, காகிதத்தோடு நின்றது. ஆனால் அதே மனிதர் மின்சாரக் கேபிள் கொண்டுபோக ஆற்றுக்கு அடியில் ஒரு சிறு சுரங்கம் அமைத்தார். அது 1931இல் முடிந்தது. மனிதர் போக முடியாவிட்டாலும் மின்சாரம் முதலில் போய்விட்டது!

பிறகு 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடு முதல் பவானிபூர் வரை இந்தியாவின் முதல் மெட்ரோ ஓடியது. அது கட்டிய விதம் நம்மில் மூத்தவர்களுக்கு மறந்திருக்காது. ரோட்டை மேலிருந்து வெட்டி, பள்ளத்தில் பெட்டி மாதிரி கான்கிரீட் கட்டி, மேலே மூடினார்கள். சௌரங்கி பல வருஷம் பள்ளமும் பலகையுமாகக் கிடந்தது. மழைக்காலத்தில் அந்தப் பலகைமேல் நடந்தவர்களுக்குத் தெரியும்.

ரோட்டை அப்படி வெட்டலாம். வண்டிகளை வேறு தெருவில் திருப்பிவிடலாம். ஹவுரா ஸ்டேஷனை அப்படி வெட்ட முடியுமா? இருபதுக்கு மேற்பட்ட நடைமேடைகள், நூற்றுக்கணக்கான ரயில்கள். திருப்பிவிட வேறு ஸ்டேஷன் ஏது? ஆகவே மேலே தொடாமல் கீழே மட்டும் வேலை செய்ய வேண்டும் என்று முதலிலேயே முடிவாகிவிட்டது.

உறைகிணறு படுத்துக்கொண்டால்

நம் ஊரில் மணற்பாங்கான இடத்தில் கிணறு தோண்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மண்ணை அள்ள அள்ளப் பக்கத்து மணல் சரிந்து உள்ளே வரும். அதற்காக உறை இறக்குவார்கள். அடியில் மண்ணை எடுக்க எடுக்க உறை கீழே இறங்கும். மேலே அடுத்த உறையை வைப்பார்கள். மண் சரிய நேரமே கொடுக்கக்கூடாது, அவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

மெட்ரோ சுரங்கம் என்பது படுக்கவைத்த உறைகிணறு. உறை சிமென்டுக் கான்கிரீட் வளையம். அதன் உள்விட்டம் 5.55 மீட்டர், கனம் கால் மீட்டருக்குச் சற்று அதிகம், ஆக வெளிவிட்டம் சுமார் 6.1 மீட்டர். ஒரு வளையத்தை முழுதாக உள்ளே கொண்டுபோக முடியாது. அதனால் பலாச்சுளை மாதிரித் துண்டுகளாக வார்த்து, உள்ளே எடுத்துப்போய்ப் பொருத்தி, போல்ட் போட்டு முடுக்குகிறார்கள். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே ரப்பர் பட்டை. தண்ணீர் கசியாமல் இருக்க.

தோண்டுவது டி.பி.எம். என்று எல்லோரும் சொல்லும் சுரங்கம் துளைக்கும் இயந்திரம். ஹவுராவில் வேலை செய்த இரண்டுக்கும் ரச்னா, பிரேர்ணா என்று பெயர். முகத்தில் சுழலும் பெரிய சக்கரம் மண்ணைச் சுரண்டும். சுரண்டிய மண் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள அறையில் சேரும். அங்கிருந்து முறுக்குத் திருகு போன்ற ஒரு நீண்ட திருகாணி அதை வெளியே தள்ளும். கடைசியாகப் போட்ட கான்கிரீட் வளையத்தில் காலை உதைத்துக்கொண்டு இயந்திரம் ஒரு வளைய அகலம் முன்னே நகரும். நின்று, அடுத்த வளையத்தைப் பூட்டும். மறுபடி உதைத்து நகரும்.

இதில் கவனிக்க வேண்டியது அந்த மண் அறைதான். அதைக் காலியாக விடவே மாட்டார்கள். எப்போதும் மண்ணால் நிறைத்து அழுத்தத்தோடு வைத்திருப்பார்கள். காரணம், எதிரே இருக்கும் ஈர மண்ணும் தண்ணீரும் உள்ளே தள்ளிக்கொண்டிருக்கின்றன. முப்பது மீட்டர் ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் மட்டுமே சதுர மீட்டருக்குச் சுமார் 30 டன். உள்ளேயிருந்து அதே அளவு எதிர்த்துத் தள்ளினால்தான் மண் தன் இடத்தில் நிற்கும். திருகாணியை வேகமாகச் சுற்றினால் மண் அதிகம் வெளியேறும். உள் அழுத்தம் குறையும். மேலே தரை இறங்கும். மெதுவாகச் சுற்றினால் அழுத்தம் கூடி மேலே தரை புடைக்கும். இயந்திரம் ஓட்டுபவர் இரவு பகலாகக் கண் வைத்திருப்பது இந்த ஒரு கணக்கின்மேல்தான்.

மேலே எவ்வளவு இறங்கும்?

"கொஞ்சம்கூட இறங்காதா தாத்தா?" என்று கேட்டான் பேரன். இறங்கும். இறங்காது என்று எந்தப் பொறியாளரும் சொல்ல மாட்டார். எவ்வளவு என்பதுதான் கேள்வி.

துளைக்கும் சக்கரம் கான்கிரீட் வளையத்தைவிடச் சற்றுப் பெரியது. அதனால் வளையத்தைச் சுற்றிலும் ஒரு சிறு இடைவெளி விழும். இயந்திரம் நகர நகர அந்த இடைவெளியில் சிமென்டுக் கலவையை அழுத்தத்தோடு செலுத்தி நிரப்புவார்கள். அப்படியும் துளி மண் கூடுதலாக எடுபட்டுவிடும். சுரங்கத்தின் குறுக்குப் பரப்பு சுமார் 30 சதுர மீட்டர். அதில் நூற்றில் ஒரு பங்கு மண் கூடுதலாகப் போனது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் நீளத்துக்குக் கால் கன மீட்டருக்குக் கொஞ்சம் கூட. அந்த இழப்பு மேலே வரும்போது அகலமான, ஆழமில்லாத ஒரு தொட்டி மாதிரிப் பரவுகிறது.

இங்கேதான் ஆழம் கைகொடுக்கிறது. சுரங்கம் 25 மீட்டர் ஆழத்தில் இருந்தால், வழக்கமான கணக்குப்படி மேலே நடுவில் சுமார் 10 மில்லிமீட்டர் இறங்கும். அதே சுரங்கம் 10 மீட்டர் ஆழத்தில் இருந்தால் அதே இழப்புக்குச் சுமார் 24 மில்லிமீட்டர் இறங்கும். அதுவும் குறுகிய இடத்தில் செங்குத்தாக. ஆழமான சுரங்கம் மெத்தையில் உட்கார்ந்த மாதிரி. ஆழமில்லாத சுரங்கம் கயிற்றுக் கட்டிலில் கால் இறங்கிய மாதிரி.

ஹவுராவில் ஆழம் ஆற்றினால் வந்தது. ஆற்றைத் தாண்ட வேண்டுமானால் ஆற்றின் அடித்தரைக்கும் பத்து மீட்டருக்கு மேல் கீழே போக வேண்டும். மெட்ரோ ரயில் சட்டென்று மேலே ஏறாது. கரையிலேயே இருக்கும் ஸ்டேஷனும் ஆழத்தில்தான் அமைய வேண்டும். அதனால்தான் ஹவுரா மெட்ரோ நிலையம் தரைக்குக் கீழே சுமார் 30 மீட்டரில், ஒரு பத்து மாடிக் கட்டடத்தைத் தலைகீழாக இறக்கிய மாதிரி இருக்கிறது. எஸ்கலேட்டரில் நமக்கு முட்டி வலித்தாலும், மேலே இருந்த தண்டவாளத்துக்கு அந்த ஆழம்தான் காவலாக இருந்தது.

தண்டவாளக்காரன் கணக்கு

இனி என் தொழில். பத்து மில்லிமீட்டர் இறங்கினால் ரயில் கவிழுமா? இரண்டு தண்டவாளமும் சேர்ந்து, நீண்ட தூரத்துக்கு மெல்ல இறங்கினால் ஒன்றும் ஆகாது. பிரயாணிக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆபத்து எங்கே என்றால், ஒரு தண்டவாளம் இறங்கி மற்றது இறங்காமல் நிற்பதில். அப்போது பாதை முறுக்கிக்கொள்ளும். வண்டியின் நான்கு சக்கரங்களில் ஒன்று தண்டவாளத்தில் சரியாக அழுந்தாமல் தூக்கிக்கொள்ளும். அதுதான் எங்களைப் பயமுறுத்துவது.

நேரான பாதையில் இறக்கம் கண்டால் வைத்தியம் சுலபம். ஸ்லீப்பருக்குக் கீழே ஜல்லியைக் கெட்டித்து, அதாவது பேக்கிங் செய்து, மறுபடி மட்டத்துக்குத் தூக்கிவிடலாம். இரண்டு ரயிலுக்கு நடுவே கேங் ஆட்கள் செய்துவிடுவார்கள். ஆனால் பாயிண்ட்ஸ், அதாவது பாதை பிரியும் இடம், அவ்வளவு சாதுவல்ல. நாக்குத் தண்டவாளம் ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டாவிட்டால் சிக்னலே விழாது. ஹவுரா மாதிரி முனைய ஸ்டேஷனின் வாசலில் இப்படிப்பட்ட பாயிண்ட்ஸ்கள் பின்னிக் கிடக்கும். ஒன்று மாட்டிக்கொண்டால் பின்னால் பத்து ரயில் நிற்கும். நடைமேடைக் கூரையின் தூண்கள், நூறாண்டுக் கட்டடத்தின் சுவர்கள் இவற்றையெல்லாம் ஜல்லி போட்டுத் தூக்கிவிடவும் முடியாது.

ஆகவே இப்படிப்பட்ட வேலையில் தோண்டுவது பாதி, அளப்பது பாதி. தரையிலும் சுவரிலும் தூண்களிலும் குறிகள் பதித்து, சிறு கண்ணாடிப் பட்டகங்களை ஒட்டி, சர்வே கருவியால் மில்லிமீட்டர் பின்னமாக அளப்பார்கள். மண்ணுக்குள் குழாய் இறக்கி நிலத்தடி நீர் மட்டம் பார்ப்பார்கள். சுவரில் விரிசல் இருந்தால் அதன்மேல் அளவு காட்டி ஒட்டிவைப்பார்கள். இவ்வளவு இறங்கினால் எச்சரிக்கை, இவ்வளவு இறங்கினால் வேலையை நிறுத்து என்று முன்கூட்டியே எல்லை போட்டுவைத்திருப்பார்கள். நாங்கள் பழைய காலத்தில் தண்டவாளத்தில் கன்னத்தை வைத்துக் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பள்ளம் பார்ப்போம். கருவி மாறியிருக்கிறது, பார்ப்பது அதே பள்ளம்தான்.

நிலையம் கட்டிய விதம்

வட்டச் சுரங்கத்தை இயந்திரம் துளைத்துவிடும். ஆனால் நடைமேடை, டிக்கெட் கூடம், படிகள் எல்லாம் கொண்ட நிலையத்துக்குப் பெரிய பெட்டி வேண்டும். நெருக்கமான ஸ்டேஷன் வளாகத்தில் அவ்வளவு பெரிய பள்ளத்தை வாய் திறந்து வைத்திருக்க முடியாது. பக்கத்துக் கட்டடங்கள் பள்ளத்தை நோக்கிச் சாயப் பார்க்கும்.

அதற்கு ஒரு தலைகீழ் முறை உண்டு. முதலில் பெட்டியின் நான்கு சுவர்களையும் மேலிருந்தே மண்ணுக்குள் வார்த்துவிடுவார்கள். ஒடுக்கமான அகழி தோண்டுவார்கள். அது சரியாமல் இருக்க பென்டொனைட் என்ற களிமண் குழம்பால் நிரப்பி வைப்பார்கள். கம்பிக்கூட்டை இறக்கி, அடியிலிருந்து கான்கிரீட் ஊற்றுவார்கள். குழம்பு மேலே வந்துவிடும். சுவர்கள் ஆனபின் கூரையைப் போடுவார்கள். கூரை ஆனதும் அதன் அடியில் மண்ணை எடுத்து ஒரு தளம். அதற்கு அடியில் இன்னொரு தளம். ஒவ்வொரு தளமும் இரண்டு பக்கச் சுவரையும் முட்டுக்கொடுத்து நிறுத்தும். நாம் வீடு கட்டும்போது அஸ்திவாரத்தில் தொடங்கி மொட்டை மாடியில் முடிப்போம். இங்கே மொட்டை மாடியில் தொடங்கி அஸ்திவாரத்தில் முடிகிறது!

ரச்னாவும் பிரேர்ணாவும் ஹவுரா மைதானத்திலிருந்து கிளம்பி, ஸ்டேஷன் பகுதியைத் தாண்டி, 2017இல் அடுத்தடுத்து ஆற்றையும் கடந்தன. ஆற்றுக்கு அடியில் 520 மீட்டர். 2024 மார்ச் 6 அன்று ஹவுரா மைதானம்–எஸ்பிளனேடு பாதை திறக்கப்பட்டது. மார்ச் 15 முதல் ஜனங்கள் ஏறினார்கள். இத்தனை காலமும் மேலே மெயில் வந்தது, லோக்கல் போனது, டீ விற்றது. ஹவுரா ஸ்டேஷனுக்கு அடியில் சுரங்கம் போன நாளை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அதுதான் அந்த வேலைக்குக் கிடைத்த நற்சான்று.

பௌபஜாரில் நடந்தது

இதோடு முடித்துவிட்டால் நான் முழுக் கதையைச் சொன்னவனாக மாட்டேன். பேரனிடமும் முடிக்கவில்லை.

இதே பாதையின் மறுபகுதி எஸ்பிளனேடிலிருந்து பௌபஜார் வழியாகச் சியால்தா ஸ்டேஷனுக்குப் போகிறது. 2019 ஆகஸ்ட் 31 அன்று அங்கே சண்டி என்ற இயந்திரம் மண்ணுக்குள் நீர் நிறைந்த ஒரு மணற்படுகையைத் தொட்டுவிட்டது. தண்ணீரும் மணலும் சுரங்கத்துக்குள் பாய்ந்தன. மேலே துர்கா பிதூரி லேன், ஸ்யாக்ராபாரா லேன், கௌர் தே லேன் பகுதிகளில் வீடுகள் விரிந்தன, சாய்ந்தன, சில இடிந்தே விழுந்தன. நூற்றுக்கணக்கானோர் உடுத்திய துணியோடு வெளியேற்றப்பட்டார்கள். கடைசியில் சுரங்கத்துக்குள்ளேயே தடுப்புச் சுவர் எழுப்பித் தண்ணீரை நிரப்பித்தான் சரிவை நிறுத்தினார்கள்; உள்ளும் புறமும் அழுத்தம் சமமானால்தான் மண் நிற்கும் என்று முன்னே சொன்னேன் அல்லவா, அதே கணக்கு. 2022இல் இரண்டு முறை மறுபடி நீர்க்கசிவும் விரிசலும் வந்தன.

ஸ்யாக்ரா என்றால் வங்காளியில் தட்டார். பெயருக்கேற்ப அது பொற்கொல்லர் தெரு. என் மகள் கல்யாணத்துக்கு வளையல் செய்து கொடுத்த பெரியவர் ஒருவரின் பட்டறை அந்தப் பக்கத்துச் சந்தில்தான் இருந்தது. 2019 பூஜைக்கு முன்னால் அவரைத் தேடிப் போனேன். போலீஸ் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று தன் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தாதா, தராசைக்கூட எடுக்க விடலை" என்றார். அவர் வீட்டில் ஐந்து தலைமுறை இருந்த இடம். அப்படி வெளியேறியவர்களில் பலர் பிறகு பல ஆண்டுகள் வாடகை வீடுகளில் இருந்தார்கள்.

அதே பாதை, அதே விதமான இயந்திரம், அதே ஊர் மண். ஓரிடத்தில் போர்ட்டருக்குக்கூடத் தெரியாமல் வேலை முடிந்தது. இன்னோரிடத்தில் ஒரு தெருவே போயிற்று. கல்கத்தா மண் ஒரே சீரானதல்ல. கங்கை பல காலமாகக் கொண்டுவந்து கொட்டிய களிமண்ணும் வண்டலும் மணலும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. அங்கங்கே துளையிட்டு மாதிரி எடுத்துத்தான் பார்க்க முடியும். இரண்டு துளைக்கு நடுவே என்ன இருக்கிறது என்பது தோண்டும்போதுதான் தெரியும். ஹவுராவில் ஒன்றும் ஆகவில்லை என்பதற்காக அது சுலபமான வேலை என்று நாம் நினைத்துவிடக் கூடாது. பௌபஜாரைப் பார்த்த பிறகுதான், ஹவுராவில் எவ்வளவு பெரிய காரியம் ஓசையில்லாமல் நடந்திருக்கிறது என்று எனக்கே முழுதாக உறைத்தது.

2025 ஆகஸ்ட் 22 அன்று எஸ்பிளனேடு–சியால்தா பகுதியும் திறக்கப்பட்டது. இப்போது ஹவுராவிலிருந்து சியால்தாவுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். சென்னையிலிருந்து வந்து இறங்கும் உறவினர், பெட்டியோடு கீழே இறங்கினால், டார்ஜிலிங் மெயில் பிடிக்கும் ஸ்டேஷனில் நேராக மேலே வந்துவிடலாம். 1921இல் போட்ட கனவு நூறு வருஷம் கழித்துப் பலித்திருக்கிறது. நமக்கெல்லாம் பெரிய சௌகரியம், சந்தேகமில்லை.

அடுத்த முறை குழந்தைகளை அழைத்துக்கொண்டு அந்த ரயிலில் போகும்போது, நீல விளக்கைக் காட்டும்போதே எஸ்பிளனேடு தாண்டி வரும் அந்த இருண்ட வளைவையும் சொல்லுங்கள். ஹவுராவில் மேலே இருந்தவர்களை ஒரு மில்லிமீட்டர்கூட அசைக்காமல் இருக்கப் பாடுபட்ட தொழிலாளிகளைப் பற்றிச் சொல்லுங்கள். பௌபஜாரில் வீட்டைக் கொடுத்தவர்களைப் பற்றியும் சொல்லுங்கள். நம் பத்து நிமிடப் பயணத்தில் இரண்டு பேருக்கும் பங்கு இருக்கிறது.

என் பேரன் அன்று திரும்பும்போது படி இறங்கிக்கொண்டே ஒன்று கேட்டான்: "அந்த வளையல் தாத்தாவுக்குத் தராசு திரும்பிக் கிடைச்சுதா?" எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த வாரம் விசாரித்துப் பார்க்கிறேன் என்றேன். விசாரித்தேன். பெரியவர் காலமாகி ஒரு வருஷம் ஆகிவிட்டது. மகன் வேறு பேட்டையில் வாடகைக்கு ஒரு சிறு பட்டறை வைத்திருக்கிறார். தராசு புதியது.